எந்தக் காமிரா? – புகைப்படக் கலைக்குத் திரும்புவோருக்குச் சில குறிப்புகள்

“நல்ல காமிரா எது?” என்னும் கேள்வியை ஆசிரியர் அறையிலும் ஆய்வுக்கூட வாயிலிலும் என்னிடம் கேட்போர் பலர். இளமையில் காமிரா பிடித்துப் பழகி, பின் பிழைப்பு, குடும்பம் என்று அதனை மறந்து, இப்போது கொஞ்சம் ஓய்வும் கொஞ்சம் பணமும் கைகூடியதும் மீண்டும் அந்தப் பொழுதுபோக்கின் பக்கம் திரும்புகிறவர்கள் அவர்களுள் மிகுதி. நானும் அக்கூட்டத்தைச் சேர்ந்தவனே. மாணவப் பருவத்தில் ‘அக்பா கிளிக் 3’ என்னும் பெட்டிக் காமிராவில் தொடங்கினேன். ஒரு சுருளில் பன்னிரண்டே படங்கள். வெயிலா, மேகமா என்று பார்த்து ஒரு குறியைத் திருப்புவதைத் தவிரப் பெரிதாகச் செய்வதற்கு ஒன்றுமில்லாத எளிய கருவி அது. பின்னர் ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகள் பீரோவின் மேல்தட்டில் உறங்கியது. அண்மையில் மீண்டும் இக்கலைக்குத் திரும்பியபோது நான் யோசித்தவற்றையும், போட்டுப் பார்த்த கணக்குகளையும் மாணவ நண்பர்களுடனும் சக விரிவுரையாளர்களுடனும் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ‘நல்ல காமிரா எது?’ என்று கேட்பது, கால் அளவைச் சொல்லாமல் ‘நல்ல செருப்பு எது?’ என்று கேட்பதைப் போன்றது. எந்தப் படத்தை, எந்த வெளிச்சத்தில், எவ்வளவு தூரத்திலிருந்து, எவ்வளவு பெரிதாக எடுத்து யார் கையில் கொடுக்கப் போகிறோம் என்பது முடிவானால், காமிரா எது என்பது பெரும்பாலும் தானே முடிவாகிவிடும்.

நான் திரும்பிய காரணம்

என் ஊர் ஆமத்தூர். விருதுநகரிலிருந்து சிவகாசி செல்லும் சாலையில் உள்ளது. விடியற்காலையில் வேன்கள் வந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு பட்டாசு ஆலைகளுக்கும், தீப்பெட்டி ஆலைகளுக்கும், அச்சகங்களுக்கும் போகும். பொழுது சாய்ந்ததும் திரும்பும். நாடெங்கும் சுவரில் தொங்கும் நாட்காட்டிகளையும், அவற்றில் சிரிக்கும் வண்ண வண்ண முகங்களையும் அச்சிட்டு அனுப்புகிற வட்டாரம் இது. ஆயினும் இந்த வட்டாரத்துத் தொழிலாளர் வீடுகள் பலவற்றில், அந்த வீட்டு மனிதரின் நல்ல படம் ஒன்றுகூட இருப்பதில்லை.

இது எப்போது தெரியவரும்? சாவு வீட்டில்தான். 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை வெடித்து முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டதை நம்மில் பலர் மறந்திருக்க முடியாது. அத்தகைய பெருவிபத்துகள் செய்தியாகின்றன. முதுமையாலும் நோயாலும் நிகழும் சாவுகள் செய்தியாவதில்லை. எவ்வகைச் சாவாயினும், பதினாறாம் நாள் காரியத்துக்குள் ஒரு படம் வேண்டும். மாலை போட, பொட்டு வைக்க, விளக்கேற்ற ஒரு முகம் வேண்டும். அப்போதுதான் வீடு முழுவதும் தேடுவார்கள். கடைசியில் கிடைப்பது ரேஷன் அட்டையிலோ, வாக்காளர் அட்டையிலோ, ஆலை அடையாள அட்டையிலோ ஒட்டியிருக்கும் தபால்தலை அளவு முகம். ‘காமிரா தெரிந்தவர்’ என்ற பெயர் எனக்குப் பழைய நாளிலிருந்தே ஊரில் இருந்ததால், “அய்யா, இதைக் கொஞ்சம் பெரிசாக்கித் தாங்க” என்று மூன்று வீட்டார் என்னிடம் வந்தார்கள்.

நான் இயற்பியல் கற்பிப்பவன். ஆகவே இங்கே சிறிது கணக்கு வரும். பெருக்கலும் வகுத்தலும் தெரிந்தால் போதும். கடவுச்சீட்டு அளவுப் படம் என்பது 35 மி.மீ. அகலமும் 45 மி.மீ. உயரமும் உடையது. அதை அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் பதிவு செய்தால் 413 × 531, அதாவது சுமார் 2 இலட்சத்து 19 ஆயிரம் படப்புள்ளிகள் கிடைக்கும். அதையே 12 அங்குல அகலத்துக்குப் பெரிதாக்கினால் அங்குலத்துக்கு 34 புள்ளிகளே மிஞ்சும். அட்டையில் அச்சான முகமோ இதைவிடச் சிறியது. அதன்மேல் முத்திரை வேறு. பெரிதாக்கிப் பார்த்தால் கண் இருக்கும் இடத்தில் இரண்டு கறைகள்தான் தெரியும்.

‘இப்போதுதான் கணிப்பொறி மங்கிய முகத்தைத் தெளிவாக்கித் தருகிறதே’ என்று சிலர் கேட்கலாம். தருவது உண்மையே. ஆனால் இல்லாத புள்ளியை அது எங்கிருந்து கொண்டுவருகிறது? வேறு ஆயிரமாயிரம் முகங்களைப் பார்த்துப் பழகிய பழக்கத்தால், ‘இந்த இடத்தில் இப்படி ஓர் இமை இருக்கலாம்’ என்று ஊகித்து வரைந்து தருகிறது. படம் பளிச்சென்று இருக்கும். மகளோ அதைப் பார்த்துவிட்டு, “எங்க அம்மா மாதிரிதான் இருக்கு, ஆனா எங்க அம்மா இல்லை” என்பாள். எடுக்கத் தவறிய படத்தைப் பிற்காலத்தில் எந்த இயந்திரமும் எடுத்துத் தர முடியாது.

எனவே ஒரு முடிவுக்கு வந்தேன். எங்கள் தெருவில் உள்ள மூத்தோர் ஒவ்வொருவரையும் அவரவர் வீட்டிலேயே உட்காரவைத்து ஒரு முகப் படம் எடுப்பது. 8 × 10 அங்குலத் தாளில் அச்சிட்டு, அவர்கள் உயிரோடு இருக்கும்போதே அவர்கள் கையில் கொடுப்பது. என் காமிராத் தேடல் அனைத்தும் இந்த ஒரே வேலையை முன்வைத்துத்தான் நடந்தது.

முன்னோர் இருவர்

கருவியைத் தேர்ந்தெடுக்க வேண்டியது வேலைதான், விளம்பரம் அன்று. இதற்கு நம் மண்ணிலேயே இரண்டு சான்றுகளைக் காட்டலாம்.

முதலாமவர் லின்னேயஸ் டிரைப். கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் அதிகாரியாக இருந்து, சென்னை அரசாங்கத்தின் புகைப்படக்காரராக நியமிக்கப்பட்டவர். 1857-58-ல் திருவரங்கம், திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, தஞ்சை ஆகிய ஊர்களுக்குச் சென்று கோயில்களையும் கோட்டைகளையும் படமெடுத்தார். அக்காலத்தில் கண்ணாடித் தகட்டில் ஈரமான கொலோடியன் பூசிப் படமெடுக்கும் முறை வந்திருந்தது. அது தெளிவான படத்தைத் தரும். ஆனால் பூச்சு காய்வதற்குள் படமெடுத்துக் கழுவியும் ஆக வேண்டும். மாட்டு வண்டிப் பயணத்திலும் நம் வெயிலிலும் அது எளிதன்று. டிரைப் பெரும்பாலும் காகித நெகடிவையே நம்பினார். முன்கூட்டியே தயாரித்து வைத்துக்கொள்ளலாம், உடையாது, எடை குறைவு. தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்தைச் சுற்றி ஓடும் கல்வெட்டை 21 படங்களாக எடுத்து, ஒட்டி இணைத்து, 19 அடிக்கும் மேற்பட்ட ஒரே நீளப் படமாக அவர் ஆக்கியது இன்றும் வியக்கத்தக்கது.

இரண்டாமவர் மா. கிருஷ்ணன் (1912–1996). ‘பத்மாவதி சரித்திரம்’ எழுதிய அ. மாதவையாவின் புதல்வர், காட்டுயிர் பற்றித் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதியவர். 1968-ல் நேரு நினைவு நல்கை பெற்றுத் தென்னிந்தியப் பெருவிலங்குகளை ஆராய்ந்தவர். யானையையும் காட்டெருமையையும் கறுப்பு வெள்ளையில் படமெடுப்பதே அவருடைய வேலை. அதற்குக் கடையில் விற்கும் காமிரா எதுவும் சரிப்படவில்லை என்று கண்டு, ஒரு நிறுவனத்தின் காமிரா உடலையும் வேறொரு நிறுவனத்தின் தொலைநோக்கு லென்ஸையும் சேர்த்து, ஏனைய உறுப்புகளைத் தாமே செய்து, ஒரு கூட்டுக் காமிராவை உண்டாக்கிக்கொண்டார். அதற்கு ‘சூப்பர் பாண்டரோசா’ என்று வேடிக்கையாகப் பெயரும் இட்டார். பார்வைக்கு அழகற்ற அந்தக் கருவி கொடுத்த படங்கள் இன்றும் பேசப்படுகின்றன.

இவ்விருவரும் ‘எது புதியது?’ என்று கேட்கவில்லை. ‘என் வேலைக்கு எது பொருந்தும்?’ என்றே கேட்டார்கள் என்பது ஈண்டு கருதத்தக்கது.

மாறியதும் மாறாததும்

நீண்ட இடைவெளிக்குப் பின் திரும்புகிறவருக்கு முதலில் ஏற்படுவது மலைப்பு. நாம் பழகிய நாளில் உதகமண்டலத்தில் அரசு நிறுவனமான இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ‘இந்து’ என்ற பெயரில் பிலிம் தயாரித்து வந்தது. 1960-ல் நிறுவப்பெற்ற அந்த ஆலை இன்று இல்லை. உலகையே ஆண்ட கோடாக் நிறுவனம் 2012-ல் நொடிப்புக் காப்பு கேட்டு நீதிமன்றம் சென்றது. அதே கோடாக்கில்தான் 1975-ல் ஸ்டீவன் சாசன் என்னும் பொறியாளர் முதல் மின்னணுக் காமிராவைச் செய்துகாட்டினார் என்பது ஒரு விந்தை. அதில் இருந்தவை 10,000 படப்புள்ளிகள். ஒரு படத்தை ஒலிநாடாவில் பதிய 23 வினாடிகள் ஆயின.

பிலிம் போய், சென்சார் எனப்படும் ஒளியுணர் தகடு வந்தது. மாற்றம் இதுவே. ஒளியின் இயல்பு மாறவில்லை. லென்ஸின் துளை எவ்வளவு திறந்திருக்கிறது, ஷட்டர் எவ்வளவு நேரம் திறக்கிறது, ஒளியை வாங்கும் பரப்பு எவ்வளவு கூர்மையாக உணர்கிறது என்ற மூன்றின் கணக்கு அன்று போலவே இன்றும் நிற்கிறது. அன்று ஏ.எஸ்.ஏ. என்று பெட்டியில் அச்சிட்ட எண்ணே இன்று ஐ.எஸ்.ஓ. என்ற பெயரில் காமிராவுக்குள் இருக்கிறது. நல்ல வெயிலில் எஃப் 16, ஐ.எஸ்.ஓ. 100 என்றால் ஷட்டர் சுமார் 1/100 வினாடி என்ற பழைய வாய்ப்பாடு இப்போதும் பொய்க்காது.

செலவின் இடம் மட்டும் மாறிவிட்டது. அன்று காமிரா மலிவு, ஒவ்வொரு படமும் செலவு. இன்று காமிரா செலவு, படம் ஏறக்குறைய இலவசம். ஆகவே வாங்கும்போது யோசிக்க வேண்டியது அன்றைவிட இன்று அதிகம். மீண்டும் பிலிமுக்கே போகலாமா என்று என்னிடம் கேட்பவர்கள் உண்டு. பிலிம் இன்றும் விற்கிறது. ஆனால் சுருளின் விலையும் கழுவும் செலவும் மிகுதி. கண் மூடி மூடித் திறக்கும் எண்பது வயதுப் பாட்டிக்குப் பத்துப் படம் எடுத்தால்தான் ஒன்று தேறும். என் வேலைக்கு அது பொருந்தாது.

முதற்கேள்வி: எவ்வளவு பெரிய படம்?

விளம்பரங்களில் முதலில் முழங்கும் சொல் மெகாபிக்சல், அதாவது பத்து இலட்சம் படப்புள்ளி. எத்தனை வேண்டும் என்பதைச் சிவகாசி அச்சகத் தொழிலாளி ஒருவரைக் கேட்டாலே சொல்லிவிடுவார். அங்குலத்துக்கு 150 கோடு கொண்ட திரையில் நல்ல அச்சு வேண்டுமானால், அங்குலத்துக்கு 300 புள்ளி உள்ள படம் கொடுக்க வேண்டும் என்பது அவர்கள் நாள்தோறும் கையாளும் விதி. அதன்படி,

6 × 4 அங்குலம்: 1800 × 1200, அதாவது சுமார் 22 இலட்சம் புள்ளிகள்.
8 × 10 அங்குலம்: 2400 × 3000, அதாவது 72 இலட்சம்.
12 × 18 அங்குலம்: 3600 × 5400, அதாவது சுமார் 194 இலட்சம்.

என் வேலைக்கு 72 இலட்சம் போதும். ஓரங்களைக் கொஞ்சம் வெட்டிச் சீர்செய்ய இடம் வேண்டுமானால் 120 இலட்சம். பதினைந்து ஆண்டுப் பழைய காமிராக்களே இதைக் கொடுக்கின்றன. ஆகவே எண்ணிக்கையைக் கண்டு மயங்கிக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

இரண்டாம் கேள்வி: எந்த வெளிச்சம்?

இங்கேதான் உண்மையான வேறுபாடு தொடங்குகிறது. எங்கள் தெரு வீடுகளில் முன்னறைக்கு ஒரு வாசல், ஒரு சன்னல். காலை பத்து மணிக்கு அந்தச் சன்னலருகே ஒருவரை உட்காரவைத்தால் முகத்தில் மென்மையான வெளிச்சம் விழும். ஸ்டூடியோ விளக்குகளால்கூட அதை எளிதில் உண்டாக்க முடியாது. ஆனால் வெளிச்சத்தின் அளவு குறைவு. ஐ.எஸ்.ஓ. 800 வைத்து, காமிராவோடு இலவசம்போல் வரும் 18–55 மி.மீ. லென்ஸை 55-க்கு நீட்டினால், அதன் துளை எஃப் 5.6-க்கு மேல் திறக்காது. ஷட்டர் 1/30 வினாடி என்று வரும். கை நடுங்கும், பெரியவர் தலை அசையும், படம் கலங்கும். அதே இடத்தில் எஃப் 1.8 வரை திறக்கும் 50 மி.மீ. லென்ஸைப் போட்டால்? 5.6-ஐ 1.8-ஆல் வகுத்து, வருவதை அதனாலேயே பெருக்கினால் ஏறத்தாழ 9.7. அதாவது கிட்டத்தட்டப் பத்து மடங்கு ஒளி. முழுத் துளையில் இமை தெளிந்தால் காது மங்கும் என்பதால் எஃப் 2.8-க்குச் சற்று மூடினாலும் நான்கு மடங்கு ஒளி மிஞ்சும். ஷட்டர் 1/120 வினாடிக்கு உயரும். அசைவு உறைந்துவிடும். சில லென்ஸ்களில் உள்ள நடுக்கத் தடுப்பு நம் கை நடுக்கத்தைத்தான் தடுக்கும். எதிரில் இருப்பவரின் அசைவைத் தடுக்காது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

ஒளியை வாங்கும் தகட்டின் பரப்பும் முக்கியம். மழை பெய்யும்போது முற்றத்தில் அண்டாவையும் செம்பையும் வைத்தால் எதில் நீர் அதிகம் சேரும்? கைக்கு அடக்கமான சிறு காமிராக்கள் பலவற்றின் தகடு சுமார் 28 சதுர மி.மீ.; நல்ல கைபேசிகளில் ஏறத்தாழ 70; ஏ.பி.எஸ்.-சி எனப்படும் வகையில் சுமார் 367. பழைய 35 மி.மீ. பிலிம் அளவுடைய முழுத் தகட்டில் 864. தகடு பெரிதாகும்போது மங்கிய ஒளியிலும் படத்தில் மணல் தூவியது போன்ற புள்ளிகள் குறையும். கூடவே விலையும் எடையும் ஏறும். எனக்கு ஏ.பி.எஸ்.-சி போதும் என்று கண்டேன். மிச்சப் பணத்தை லென்ஸுக்கு வைத்துக்கொண்டேன்.

நம் வட்டாரத்து மாணவர்கள் உடனே கேட்கக்கூடியது, ‘வாணவேடிக்கையைப் படமெடுக்க எந்தக் காமிரா?’ என்பது. அதற்கு உயர்ந்த கருவி வேண்டாம் என்பதே விடை. வானில் விரியும் பூ தானே வெளிச்சம். முக்காலியில் காமிராவை நிறுத்தி, ஐ.எஸ்.ஓ. 100, எஃப் 8 அல்லது 11 வைத்து, தூரத்தைக் கையால் சரிசெய்து, ஷட்டரை இரண்டு முதல் நான்கு வினாடி திறந்து வைத்தால் பழைய மலிவான காமிராவும் அருமையாக எடுக்கும். ஒளிமிக்க வாணத்தை எடுப்பது எளிது. அந்த வாணத்தைச் செய்த கையையும் முகத்தையும் அவர் வீட்டு அரையிருளில் எடுப்பதுதான் கடினம். பணம் செலவழிக்க வேண்டிய இடமும் அதுவே.

மூன்றாம் கேள்வி: எவ்வளவு தூரம்?

‘கைபேசியே போதாதா?’ என்ற கேள்விக்கும் விடை இங்கே இருக்கிறது. பொதுவாகக் கைபேசியின் முதன்மை லென்ஸ், 35 மி.மீ. பிலிம் கணக்கில் சுமார் 26 மி.மீ. அளவுக்குச் சமம், அகன்ற பார்வை. அதைக் கொண்டு ஒருவரின் தலை முதல் மார்பு வரை சட்டத்தை நிரப்ப வேண்டுமானால், ஏறத்தாழ 52 செ.மீ. நெருங்கியாக வேண்டும். மூக்கு நுனியிலிருந்து காது வரை ஆழம் 12 செ.மீ. என்று கொள்வோம். மூக்கு 52 செ.மீ. தூரத்தில்; காது 64 செ.மீ. தூரத்தில். ஆகவே காது, மூக்கோடு ஒப்பிட, ஐந்தில் ஒரு பங்கு சிறுத்துத் தெரியும். முகம் உப்பி, மூக்கு புடைத்து நிற்கும். ஏ.பி.எஸ்.-சி காமிராவில் 50 மி.மீ. லென்ஸ், பழைய கணக்கில் 75 மி.மீ.-க்குச் சமமாகும். அதைக் கொண்டு அதே படத்தை 150 செ.மீ., அதாவது ஐந்தடி தள்ளி நின்று எடுக்கலாம். இப்போது காது சிறுத்துத் தெரிவது பதினான்கில் ஒரு பங்குதான். திண்ணையில் எதிரெதிரே அமர்ந்து பேசும்போது நாம் காணும் முகம் இதுவே.

கைபேசி மட்டுமே உள்ள மாணவர்கள் மனம் தளர வேண்டாம். முகத்தை வளைப்பது லென்ஸ் அன்று, நிற்கும் தூரமே. ஐந்தடி தள்ளி நின்று எடுத்துப் பின் வெட்டிக்கொண்டால் முகம் இயல்பாக இருக்கும். 120 இலட்சம் புள்ளிப் படத்தில் அவ்வாறு வெட்டியபின் சுமார் 14 இலட்சம் மிஞ்சும். 8 × 10-க்குப் போதாது. ஆனால் மூன்றரை அங்குல அகலப் படத்துக்குத் தாராளம். அடையாள அட்டை முகத்தைவிட அது எவ்வளவோ மேல்.

பழையதா, புதியதா?

லென்ஸ் வழியாகவே பார்க்கும் எஸ்.எல்.ஆர். காமிராவினுள் ஒரு சாய்ந்த கண்ணாடி உண்டு. இப்போது அக்கண்ணாடி இல்லாத ‘மிர்ரர்லெஸ்’ வகை வந்துவிட்டது. கேனான், நிக்கான் இரண்டுமே புதிய வடிவங்களை இவ்வகையிலேயே வெளியிடுகின்றன. இதனால் கண்ணாடியுள்ள மின்னணு எஸ்.எல்.ஆர். காமிராக்கள் கைமாற்று விலையில் மலிந்துவிட்டன. திரும்பி வருகிறவருக்கு இது நல்ல காலம்.

பீரோவில் பழைய லென்ஸ் வைத்திருப்பவர்கள் ஒரு செய்தியை அறிதல் வேண்டும். நிக்கானின் ‘எஃப்’ வகையில் லென்ஸ் பொருந்தும் வளையத்துக்கும் பிலிமுக்கும் இடையே 46.5 மி.மீ.; கண்ணாடியில்லாத ‘இசட்’ வகையில் 16 மி.மீ. மட்டுமே. குறைகின்ற 30.5 மி.மீ.-ஐ ஓர் இணைப்பு வளையத்தால் ஈடுசெய்துவிட்டால் பழைய லென்ஸ் புதிய காமிராவில் வேலை செய்யும். மையப்படுத்துவதைக் கையால் செய்ய வேண்டும். பழைய கைகளுக்கு அது புதிதன்று. கண்ணாடியுள்ள நிக்கான்களில் 1959 முதல் வளைய அமைப்பு ஏறத்தாழ ஒன்றே என்றாலும், விலை குறைந்த 3000, 5000 வரிசைக் காமிராக்களில் பழைய தானியங்கி லென்ஸை இயக்கும் மோட்டார் இல்லை. வாங்குமுன் இதைக் கேட்டுக்கொள்க.

கைமாற்றாக வாங்கும்போது நான் கடைப்பிடித்த சோதனைகள் ஐந்து. ஒன்று: லென்ஸைக் கழற்றி, ஒரு பக்கம் டார்ச் அடித்து மறுபக்கம் பார்த்தல், சிலந்தி வலைபோல் இழைகள் தெரிந்தால் பூஞ்சை, வேண்டாம். இரண்டு: எஃப் 16 வைத்து வெறும் வானத்தைப் படமெடுத்தல், ஒவ்வொரு படத்திலும் ஒரே இடத்தில் கரும்புள்ளி வந்தால் தகட்டில் தூசி. அது சுத்தம் செய்யக்கூடியதே, கீறலானால் ஆகாது. மூன்று: ஷட்டர் இதுவரை எத்தனை முறை இயங்கியது என்று பார்த்தல். நான்கு: அச்சிட்ட செய்தித்தாளைச் சுவரில் ஒட்டி முழுத் துளையில் எடுத்து, நான்கு மூலைகளிலும் எழுத்து தெளிவாக உள்ளதா என்று நோக்குதல். ஐந்து: அந்தக் காமிராவுக்குரிய மின்கலம் இன்னும் கடையில் கிடைக்கிறதா என்று விசாரித்தல்.

இவற்றையெல்லாம் பார்த்து நான் வாங்கியது, 240 இலட்சம் புள்ளி தரும் ஏ.பி.எஸ்.-சி வகைப் பழைய காமிரா உடல் ஒன்று, 50 மி.மீ., எஃப் 1.8 புதிய லென்ஸ் ஒன்று. பெயரைச் சொல்லாமல் விடுவது வேண்டுமென்றேதான். என் வேலைக்கு அது பொருந்தியது. பறவை பார்க்கப் போகிறவருக்கும், கல்வெட்டு எடுக்கப் போகிறவருக்கும் அது பொருந்தாது. பொதுவாகச் சொல்வதானால், கைவசம் உள்ள தொகையை நான்கு பங்காக்கி, ஒன்றரைப் பங்கை உடலுக்கும், ஒன்றரைப் பங்கை லென்ஸுக்கும் ஒதுக்குக. எஞ்சிய ஒரு பங்கைத் தொடவேண்டாம். அது தாளுக்கும் அச்சுக்கும் உரியது. விரலுக்குத் தகுந்த வீக்கம் என்பது இப்பொழுதுபோக்கிலும் பொருந்தும்.

எடுத்த பின்

படம் காமிராவுக்குள் இருக்கும்வரை அது படமன்று. கைபேசியில் ஆயிரக்கணக்கில் குவிந்திருப்பவை, கைபேசி உடைந்த அன்று போய்விடுகின்றன. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிவிடுகிறது. ஆவணமாக அனுப்பினால் குறையாது. மூலப் படத்தை இரண்டு இடங்களில் சேமித்து வையுங்கள். தாளில் அச்சிட்டு, பின்பக்கம் பென்சிலால் பெயர், ஊர், ஆண்டு எழுதிக் கொடுங்கள். ஐம்பது ஆண்டுக்குப் பின் ‘இது யார்?’ என்ற கேள்விக்கு அந்தப் பென்சில் வரிதான் விடை சொல்லும்.

இன்னும் ஓர் எச்சரிக்கை. ஆர்வ மிகுதியால் காமிராவையோ கைபேசியையோ எடுத்துக்கொண்டு பட்டாசு ஆலையின் மருந்து அறைப் பக்கம் போகாதீர்கள். அங்கே அவற்றுக்கு இடமில்லை. ஒரு பொறி போதும். தொழிலாளியின் முகத்தை அவர் வீட்டில் எடுப்பதே பாதுகாப்பு, அதுவே அழகும்கூட.

மூத்தோரை இணங்க வைப்பதும் ஒரு கலை. படமெடுத்தால் ஆயுசு குறையும் என்று அஞ்சுவோர் இன்னும் உள்ளனர். “என்ன ராசா, மாலை போடுறதுக்கு இப்பவே படம் எடுக்கியா?” என்று ஒரு பாட்டி என்னைக் கேட்டார். “இல்லை ஆச்சி, நீங்க பார்க்கிறதுக்குத்தான்” என்றேன். அச்சிட்டுக் கொடுத்தபோது வெகுநேரம் கையிலேயே வைத்திருந்து, “எனக்கு இவ்வளவு சுருக்கம் விழுந்திருக்கா?” என்று சிரித்தார். பிறகு பேத்தியை அழைத்து, பீடி டப்பாவுக்குப் பக்கத்திலா, சாமி படத்துக்குப் பக்கத்திலா என்று வெகுநேரம் யோசித்து, அரிசிப் பானை இருக்கும் உள்ளறையில் தமக்கு நேராக மாட்டச் சொன்னார். இதுவரை பதினெட்டு வீடுகளுக்குப் படம் கொடுத்திருக்கிறேன். தெரு முழுவதும் முடிய இன்னும் நாளாகும்.

மாணவ நண்பர்களே! எந்தக் காமிரா என்று கேட்பதற்கு முன், யாருடைய படம் என்று கேளுங்கள். வரும் விடுமுறையில் உங்கள் வீட்டு மூத்தோர் ஒருவரைச் சன்னலோரம் உட்காரவைத்து, ஐந்தடி தள்ளி நின்று, கையில் இருக்கும் கருவியால் ஒரு படம் எடுத்து, தாளில் அச்சிட்டு அவர் கையில் கொடுங்கள். அந்தப் படத்தில் உங்களுக்கு எது குறையாகத் தெரிகிறதோ, அதைத் தீர்க்கும் காமிராவே நீங்கள் வாங்க வேண்டிய காமிரா.